பழைய ஆக்சஸ், ஃபாக்ஸ்ப்ரோ டேட்டாபேஸ வெப் பேஜோட கோத்துவிட்டு மாட்டுன அனுபவம் யாருக்காச்சும் இருக்கா?

கோத்தகிரி_மஞ்சு

என் கதைய முதல்ல சொல்லிடறேன், இது ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. 2009, இங்க ஒரு தேயிலை ஃபேக்டரில சப்ளையர் கணக்கு பூரா ஆக்சஸ் 2000ல ஒரே எம்டிபி (ஆக்சஸோட டேட்டாபேஸ்) ஃபைல். ஓனருக்கு கவுண்டர்ல பிரவுசர்ல சப்ளையர் நம்பரும் தேதியும் அடிச்சா அன்னிக்கு போட்ட எலை கிலோ வரணும். கிளாசிக் ஏஎஸ்பில (மைக்ரோசாஃப்ட்டோட பழைய வெப் பேஜ் முறை) எழுதிக் குடுத்தேன், ஜூன் 20க்கு மேல ஓட்டினோம், பத்து நாள் ஒரு குறையும் இல்ல, நானும் காலரத் தூக்கிவிட்டுட்டு திரிஞ்சேன்.

ஜூலை 6, திங்கக்கிழமை, நல்ல மழை. ஒரு பாட்டி வந்து சனிக்கிழமை போட்ட எலை எவ்வளவுன்னு பாருங்கறாங்க. 4ம் தேதி அடிச்சேன், 11 கிலோ. "38 போட்டேன் சாமி"ங்கறாங்க. "சிஸ்டம்ல 11தான் பாட்டி இருக்கு"ன்னு நான் சத்தமா சொல்றேன், பின்னால வரிசைல இருக்கறவங்க பூரா கேக்கறாங்க. பாட்டி ஒண்ணும் பேசல. சுருக்குப்பைய அவுத்து, நாலா மடிச்ச சீட்ட எடுத்து, ஈரக்கையால ஒவ்வொரு மடிப்பா பிரிச்சு கவுண்டர் மேல வச்சாங்க. 38. நான் அப்பவும் மானிட்டரத்தான் பாத்துட்டு இருந்தேன்.

சாயந்திரம்தான் புரிஞ்சுது. தேதிய ரெண்டு ஹேஷ் (#) குறிக்கு நடுவுல 04/07/2009ன்னு ஒட்டி அனுப்பறேன், ஆக்சஸுக்குள்ள டேட்டாவ தேடித் தர்ற ஜெட் என்ஜின் அமெரிக்காக்காரன் மாதிரி மாசத்த முதல்ல படிக்குது, ஏப்ரல் 7 எடுத்துட்டு வருது. அன்னிக்கும் பாட்டி எலை போட்டிருக்காங்க, 11 கிலோ. நாள் 12க்கு மேல போனா அப்படி ஒரு மாசம் கிடையாதுன்னு அதுவே கமுக்கமா நாள், மாசம்னு மாத்திப் படிச்சுக்குது, அதான் ஜூன்ல சரியா வந்துச்சு. ஒரு எர்ரர் கூட வரல. ஏதாச்சும் எர்ரர் வந்திருந்தா நான் வாய மூடிட்டு இருந்திருப்பேன்.

கொடை_குளிரு

உங்களுக்காச்சும் உயிரோட இருக்கறவங்க. எனக்கு செத்தவரு.

கொடைக்கானல் பக்கம் ஒரு சொசைட்டி, ஃபாக்ஸ்ப்ரோ 2.6, கருப்பு ஸ்க்ரீன். அதோட டிபிஎஃப் டேட்டா ஃபைல பிஹெச்பிங்கற வெப் மொழில படிச்சு டிவிடெண்ட் லிஸ்ட் எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க. அந்த ஃபைல படிக்கற டிபேஸ் எக்ஸ்டென்ஷன் போட்டு ஒரு லூப், அரை மணி நேர வேலை, பிரிண்ட் எடுத்து கதவுல ஒட்டியாச்சு. மறுநாள் ஒரு அண்ணன் லிஸ்ட்ல ஒரு பேரு மேல விரல வச்சுட்டே நிக்கறாரு. "அப்பாவுக்கு டிவிடெண்ட் போட்டிருக்கீங்க, சந்தோசம். அவரு போயி மூணு வருசம் ஆச்சு, யாருகிட்ட குடுக்கப் போறீங்க?" விரல எடுக்கவே இல்ல மனுசன்.

டிபிஎஃப்ல டெலிட் பண்ணா ரெக்கார்டு எங்கயும் போகாது, முதல் பைட்ல ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பேக் (PACK) கமாண்ட் குடுத்து ஒரேயடியா அழிக்கற வரைக்கும் உள்ளயே கெடக்கும். அவங்க புரோகிராம்ல டெலிட் ஆனத மறைக்கற செட் டெலிட்டட் ஆன் இருந்ததால ஆபீஸ்ல யாரும் அத பாத்ததே இல்ல. பிஹெச்பி எல்லாத்தையும் குடுக்கும், கூடவே டெலிட்டட்னு ஒரு ஃபீல்டும் குடுக்கும், அத நான் மதிக்கல. ரிமார்க்ஸ்ல எக்ஸ்பயர்டுன்னு அடிச்சுதான் வச்சிருந்தாங்க. ஆனா அது மெமோ ஃபீல்டு (நீளமான குறிப்பு எழுதற எடம்), எஃப்பிடின்னு தனி ஃபைல், அந்த எக்ஸ்டென்ஷனுக்கு மெமோ படிக்கவே தெரியாது.

லவ்டேல்_ராசா

மஞ்சு ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க, இதுல ஆக்சஸ் மேல பழி போடறது நியாயம் இல்ல. தேதிய வெறும் எழுத்தா ஒட்டி எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி) எழுதுனது யாரு? பாராமீட்டர்ல தேதிய தேதியாவே அனுப்பியிருந்தா இந்தக் கதையே கிடையாது, ஒட்டித்தான் ஆகணும்னா 2009-07-04ன்னு வருசத்த முன்னால வச்சு அனுப்பணும்.

என் கதை சின்னது. ஊட்டில ஒரு லாட்ஜ், புது 64 பிட் சர்வர், டிஎஸ்என் (டேட்டாபேஸ கண்டுபிடிக்க வச்ச பேரு) கண் முன்னால இருக்கு, பேஜ்ல டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட். ரெண்டு ராத்திரி ஹீட்டர் பக்கத்துல உக்காந்தேன். சிஸ்டம்32 ஃபோல்டர்ல இருக்கற ஓடிபிசி (டிஎஸ்என் வைக்கற புரோகிராம்) 64 பிட்டாம், சிஸ்வவ்64ல இருக்கறதுதான் 32 பிட்டாம், ஒண்ணுல வச்சது இன்னொண்ணுக்குத் தெரியல. எவன் பேரு வச்சானோ!

கோத்தகிரி_மஞ்சு

ராசாண்ணா, நான் எழுதுனதுதான் தப்பு, இல்லேங்கல. பழி போட்டது பாட்டி மேல, அதான் உறுத்துது.

குன்னூர்_சர்வர்

பர்லியார்ல மரம் விழுந்து கரண்ட் போயி எங்க எம்டிபி நாறுச்சு, அது கெடக்கட்டும். நீங்க எல்லாரும் செய்ய வேண்டியது என்னன்னா பழைய டேட்டாபேஸ வெப்போட நேரா கோக்கவே கூடாது. பழசு பாட்டுக்கு ஓடட்டும், ராத்திரி ஒரு காப்பி எடுத்து எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல் மாதிரி வேற டேட்டாபேஸ்ல போட்டு வெப் பேஜ அதுல இருந்து படிக்க விடுங்க. லினக்ஸ்னா எம்டிபிடூல்ஸ் இருக்கு, டேபிள சிஎஸ்வியா (கமா போட்ட டெக்ஸ்ட் ஃபைலா) எடுக்கலாம், ஆனா தேதி ஃபார்மட்ட கண்டிப்பா நீங்களே குடுக்கணும், பழைய வெர்ஷன் வருசத்த ரெண்டு டிஜிட்ல தள்ளும், 1948ல பொறந்த ஆளு 2048ல பொறப்பாரு. டிபிஎஃப்க்கு பைத்தான்ல டிபிஎஃப்ரீட்னு ஒரு லைப்ரரி இருக்கு, அது மெமோவும் படிக்கும், டெலிட் ஆனத தனியாவும் வைக்கும். எம்டிபில நேராத்தான் எழுதுவேன்னா ஃபைலுக்கு மட்டும் இல்ல, அந்த ஃபோல்டருக்கே ரைட் பெர்மிஷன் வேணும், எல்டிபி லாக் ஃபைல் அங்கதான் உருவாகும், இல்லேன்னா அப்டேட்டபிள் க்வெரி இல்லேன்னு கத்தும். 2 ஜிபி தாண்டுனா ஃபைல் செத்துச்சு. யூபிஎஸ் இல்லாம மலைல எம்டிபிய நெட்வொர்க் ஷேர்ல வைக்கறது, மழைல தீப்பெட்டிய ஜோப்புல வச்சுட்டு நடக்கற மாதிரி.

கொடை_குளிரு

சர்வர் சார், என் 2012 கதைக்கு 2012லயே வந்து சொல்லியிருக்கலாம்ல 😄

வட்டக்கானல்_அக்கா

நான் டேட்டாவ சரியாத்தான் எடுத்தேன், எழுத்து கவுத்துச்சு. பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ண அட்ரஸ் லிஸ்ட், யூனிகோடுக்கு (இப்ப எல்லா எடத்துலயும் ஓடற எழுத்து முறை) மாத்தணும். எழுத்துக்கு எழுத்து ரீப்ளேஸ் போட்டேன். அந்த ஃபான்ட்ல கொம்ப (ெ, ை மாதிரி) முதல்ல அடிச்சு வச்சிருப்பாங்க, யூனிகோடுல எழுத்துக்குப் பின்னால வரணும், எனக்கு அது தோணல. டெஸ்டுக்கு ஓனர் பேரு முருகன், அதுல கொம்பே இல்லையா, சூப்பரா வந்துச்சு. 400 கவர் பிரிண்ட் எடுத்தப்புறம் பாத்தா எல்லாத்துலயும் "ெகாைடக்கானல்". ஓனர் ஒரு கவர கைல வச்சு திருப்பித் திருப்பி பாத்துட்டு, "ஊரு பேர ஏம்மா ஒடச்சு வச்சிருக்க?"ன்னாரு.

மஞ்சு தம்பி, அந்த பாட்டிகிட்ட அப்புறம் பேசுனியா இல்லையா?

கோத்தகிரி_மஞ்சு

மறுநாளே சொன்னேன்க்கா, தப்பு என்னுதுதான்னு. "தெரியும் சாமி, தூக்கிட்டு வந்தது நான்தானே"ன்னுட்டு மூட்டைய தராசுல வச்சாங்க. 40 காட்டுச்சு. எடை போடறவரு மழை எலைன்னு ரெண்டு கிலோ கழிச்சு 38ன்னு சீட்டு எழுதுனாரு. சனிக்கிழமையும் அதே 38தானா, நெசமா எத்தன கிலோன்னு கேக்க என் டேபிள்ல ஃபீல்டே இல்ல.