மட்டக்குதிரைக் குட்டியைக் கயிற்றில் நடத்திப் பழக்கிய அனுபவங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

எங்கள் மாமா மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். கல்யாண சீசனில் சௌகார்பேட்டைப் பக்கம் ஓயாமல் அழைப்பு வரும். போன வருஷம் ஒரு மட்டக்குதிரைக் குட்டி வாங்கி வந்தார், இரண்டு வயது இருக்கும். அந்த வயதில் ஆள் ஏறவும் கூடாது, வண்டியில் பூட்டவும் கூடாது. எலும்பு முற்றியிருக்காது. ஆனால் கயிற்றில் ஒழுங்காக நடக்கப் பழக்கலாம். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

குதிரைக்கு இடப்பக்கம் நின்றுதான் பிடிக்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லாயத்துக்குள் சரி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைக்கு வந்துவிட்டால் கதை வேறு. நம் ஊரில் சாலையின் இடது ஓரமாகத்தான் குதிரையைக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு இடப்பக்கம் நீங்கள் நடந்தால் உங்கள் பக்கம் சாக்கடை, அதன் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி. லாரிக்காரர் ஏர் பிரேக்கைப் புஸ்ஸென்று விட்டதும் குட்டி சத்தத்துக்கு எதிர்ப்பக்கம் துள்ளும். அங்கேதான் உங்கள் கால் இருக்கிறது! அதனால் சாலையில் வலப்பக்கம், லாரிக்கும் குட்டிக்கும் நடுவில் ஆள் நடக்க வேண்டும். மிரண்டாலும் உங்களை விட்டு விலகித்தான் துள்ளும்.

ஆனால் இடப்பக்கம் கற்றுக்கொண்டதை வலப்பக்கம் அப்படியே செய்துகாட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆள் மாறி நின்றதும் ஒன்றுமே தெரியாததுபோல முழிக்கும். நான் முதலிலிருந்தே இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நின்றுதான் பழக்கினேன். மாமாவுக்கு இது வேண்டாத வேலையாகத் தெரிந்தது. அப்புறம் அவரே வலப்பக்கம் பிடித்துக்கொண்டு போனார், அது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நடக்க வைக்க முன்னால் நின்று இழுப்பதில் பயனில்லை. இழுத்தால் பின்னால் சாய்வது குதிரையின் சுபாவம், எடையில் நாம் அதனோடு மல்லுக்கட்ட முடியாது. தோளை ஒட்டி நில்லுங்கள். ஒரு கை தாடைக்கு ஒரு சாண் கீழே, மிச்சக் கயிறு மடிப்பாக மறுகையில். நேராகப் பார்த்தபடி நாக்கைச் சொடுக்குங்கள். நகரவில்லை என்றால் நீளமான மெல்லிய குச்சியால் விலாவுக்குப் பின்னால் லேசாகத் தொடலாம், அடிக்கக் கூடாது. ஓர் அடி வைத்ததுமே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். அந்தத் தளர்வுதான் குட்டிக்குக் கிடைக்கும் கூலி. தாமதமாகக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்றே அதற்குப் புரியாது. நிற்க வைப்பதும் பின்னால் ஓரடி நகர வைப்பதும் இதே கணக்குதான். திருப்பும்போது நம்மை விட்டு அந்தப் பக்கமாகத் திருப்பினால் பாதம் தப்பும். ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும், அதற்கு மேல் குட்டிக்குக் கவனம் நிற்காது.

லாரியைப் பழக்கியது தனிக் கதை. முதலில் குறுக்குத் தெருவின் உள்ளே தள்ளி நிறுத்தி, தூரத்தில் போகிற வண்டிகளைப் பார்க்க விட்டேன். தலையைத் தாழ்த்தி, எதையோ மெல்லுவதுபோல வாயை அசைக்க ஆரம்பித்தால் பயம் குறைகிறது என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் முன்னே போவேன். மெயின் ரோட்டுக்கு வந்து சேரப் பல வாரம் ஆனது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

அண்ணா, லாரியைக்கூடச் சமாளித்துவிடலாம், தெருப் பிள்ளைகளின் பிஸ்கட்டைத்தான் சமாளிக்க முடியவில்லை. எங்கள் குட்டி எம்.சி. ரோடு பக்கம் வந்தாலே யார் கையைப் பார்த்தாலும் மூக்கை நுழைக்கும், பிஸ்கட் இல்லையென்றால் சட்டையைக் கடிக்கும். ஆண்குட்டிக்கு இந்தக் குணம் கூடுதல். இரண்டரை வயதிலிருந்து பால் பல் விழ ஆரம்பிப்பதால் வாய் வேறு சும்மா இருக்காது. மூக்கில் ஒன்று போடு என்பார்கள். போட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள், குட்டி அதை விளையாட்டு என்று நினைத்து மறுபடி கடிக்கத்தான் வரும். எங்கள் அப்பா கையால் தீனி கொடுப்பதையே நிறுத்தினார். கொள்ளோ கேரட்டோ எதுவானாலும் வாளியில்தான். கடிக்க வந்தால் முழங்கையை வெளியே நீட்டி, அப்படியே ஓரடி பின்னால் நகர்த்திவிட வேண்டும், கோபமே படாமல்.

பிள்ளைகளிடம் நான் சொல்லிவைத்திருப்பது: நெற்றிக்கு நேரே கை கொண்டு போகாதே, அந்த இடம் அதன் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்திலிருந்து வந்து கழுத்தைத் தடவு. பாதிப் பேர் கேட்கிறார்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

இரண்டு பேரும் சொல்லாமல் விட்டது: கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. எங்கள் தெருவில் ஒரு பையன் மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருந்தான். பட்டாசு வெடித்தது, குட்டி ஓடியது, அவனையும் இழுத்துக்கொண்டு போனது. நல்ல வேளை, சிராய்ப்போடு தப்பினான்.

தெருவில் நடத்துகிறவர்கள் குட்டிக்கு டெட்டனஸ் ஊசியும் போட்டுவிடுங்கள். குதிரைக்கு அந்த நோய் எளிதில் வரும், ஆணி குத்திய சின்னப் புண் போதும். நாங்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்ப் போட்டோம்.

தண்டையார்பேட்டை அண்ணனிடம் ஒரு கேள்வி. போகும்போது சாதுவாக வருகிற குட்டி, திரும்பும்போது லாயத்து வாசனை வந்ததும் இழுத்துக்கொண்டு ஓடுகிறதே, என்ன செய்வது?

தண்டையார்பேட்டையிலிருந்து:

தம்பி, வாசல் வரை போய் உள்ளே விடாமல் தாண்டிப் போய்விடுங்கள். தெரு முனை வரை நடத்தி, நிறுத்தி, திருப்பிக்கொண்டு வாங்க. மறுபடி இழுத்தால் மறுபடி தாண்டுங்கள். கயிறு தளர்வாக இருக்கும்போதுதான் கதவு திறக்க வேண்டும். தீனியையும் உள்ளே போனதும் வைக்காதீர்கள், கொஞ்ச நேரம் கழித்து வையுங்கள்.