தினசரி ஓட்டத்துக்கு வசதியான, ஓட்டவும் பிடிக்கிற கார்: எதை வைத்து முடிவு செய்வது?

காலைப்பயணி

வணக்கம் நண்பர்களே. தினமும் வேலைக்குப் போய்வர ஒரு கார் எடுக்க வேண்டும். பாதி வழி நெரிசல், மீதி வழி வளைவுகள் உள்ள திறந்த சாலை. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்குப் பின்பக்கம் பார்த்து மாட்டும் குழந்தை சீட். எனக்கு இடுப்பு வலி உண்டு. இதற்கெல்லாம் ஒத்துவர வேண்டும், அதோடு ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றவும் வேண்டும்.

பார்த்து வைத்திருப்பது ஒரு ஹேட்ச்பேக். நடு வேரியன்ட்டில் 205/55 ஆர்16 டயர். ஸ்போர்ட் வேரியன்ட்டில் 225/40 ஆர்18 டயர், இறுக்கமான சஸ்பென்ஷன், கூடுதலாக 40 குதிரைத்திறன். எதை எடுப்பது? இடுப்பு வலிக்கு எஸ்யூவிதான் நல்லது என்கிறார்களே, உண்மையா? நெரிசலுக்கு எந்த கியர்பாக்ஸ் சரிவரும்? பழைய கார் என்றாலும் சம்மதம்தான்.

ஷாக்_புஷ்

நடு வேரியன்ட். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு எந்த கார் பார்த்தாலும் உதவும்.

முதலில் டயர். 205 என்பது மி.மீ. அகலம், 16 என்பது அங்குலத்தில் ரிம் அளவு; 205-இல் 55 சதவீதம் என்றால் பக்கச்சுவர் உயரம் சுமார் 113 மி.மீ. 225-இல் 40 சதவீதம் 90 மி.மீ. டயரின் மொத்த விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 632-க்கும் 637-க்கும் உள்ள வித்தியாசம். அப்படியானால் அந்த 23 மி.மீ. ரப்பரும் காற்றும் இருந்த இடத்தில் இப்போது அலாய் ரிம் இருக்கிறது. சாலையின் சின்னச் சின்ன வெடிப்பு, ஒட்டுப்போட்ட தார், பாலத்து இணைப்பு இதையெல்லாம் முதலில் விழுங்குவது ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்) இல்லை, டயர்தான். அந்த உயரம் குறைந்தால் அதிர்வு நேராக சீட்டுக்கு வரும். பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளைவதும், பக்கச்சுவர் நூல் அறுந்து புடைப்பதும் 18 அங்குலத்தில்தான் அதிகம். சக்கரம் கனமாக இருப்பதும் ஒரு சிக்கல். ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடினால், மேட்டில் எகிறிய சக்கரத்தைத் திரும்பத் தரையில் பதியவைக்க ஷாக் கூடுதலாகப் பாடுபட வேண்டும்.

இரண்டாவது, சொகுசும் சாலைப்பிடிப்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற நினைப்பு. இறுக்கமான ஸ்பிரிங் போட்டால்தான் கார் நன்றாகத் திரும்பும் என்று பலரும் நம்புகிறார்கள். வழவழப்பான தரையில் அது சரி. கரடுமுரடான வளைவில் இறுக்கமான கார் தத்தித் தத்திப் போகும். தத்தும் நொடியில் டயருக்குப் பிடிப்பு இல்லை. ஸ்பிரிங் ஓரளவு மெத்தென்றும், ஷாக் நல்ல கட்டுப்பாட்டோடும் இருக்கும் காரில் மேடு ஏறி இறங்கினால் காரின் உடல் ஒரே ஒரு முறை ஏறி இறங்கி நின்றுவிடும். அந்த ஒற்றை அசைவைத்தான் டெஸ்ட் டிரைவில் தேட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது முறையும் ஆடினால் ஷாக் போதவில்லை. ஏறாமலே 'டக்' என்று அடித்தால் ஸ்பிரிங்கோ டயரோ மிகையான இறுக்கம்.

பின் சஸ்பென்ஷனையும் விசாரியுங்கள். ஒரே மாடலில் குறைந்த திறன் இன்ஜினுக்கு டார்ஷன் பீம், கூடிய திறனுக்கு மல்டிலிங்க் என்று கொடுப்பது வழக்கம். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபில் அப்படித்தான் இருந்தது. மல்டிலிங்க்கில் இரு பின்சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும். டார்ஷன் பீமில் ஒரு பக்கம் பள்ளம் என்றால் மறுபக்கமும் கொஞ்சம் அசையும், வளைவு நடுவில் குழி வந்தால் பின்பக்கம் சற்றே ஒதுங்கியது போலத் தெரியும். 1998-இல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் குடும்ப ஹேட்ச்பேக்கில் மல்டிலிங்க் கொடுத்துப் பெயர் வாங்கியது. ஆனால் இதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள். 2019 மாஸ்டா 3 மல்டிலிங்க்கை விட்டு டார்ஷன் பீமுக்குப் போனது. இன்றும் ஓட்டச் சுகமான கார்தான். காகிதத்தில் இருப்பதைவிட அமைத்தவரின் கைப்பக்குவம் பெரிது.

மூன்றாம்_கியர்

மேலே சொன்னதோட முழுசா ஒத்துப்போறேன். இன்ஜின், கியர்பாக்ஸ் பத்தி மட்டும் சேர்க்கிறேன்.

அந்தக் கூடுதல் 40 குதிரை எப்போ வேலைக்கு வரும்? 4,000 ஆர்பிஎம்முக்கு மேல. தினசரி ஓட்டத்துல நீங்க இருக்கப்போறது 1,500-லிருந்து 3,000-க்குள்ள. அங்கே டார்க் (இன்ஜினோட திருப்புவிசை) எவ்வளவு, மிதிச்சா எவ்வளவு சீக்கிரம் வருதுங்கிறதுதான் சுகம். ஆள், சாமான் இல்லாம ஒரு டன் எடைக்கு 80-லிருந்து 100 குதிரைத்திறன் இருந்தா தினசரி கார் எங்கயும் திணறாது. அதுக்கு மேல இருக்கிறதை உரிமத்துக்கு ஆபத்தில்லாமப் பயன்படுத்த இடம் கிடைக்கிறதே கஷ்டம். எடை குறைஞ்ச காரை 60-ல ஓட்டுறதே கொண்டாட்டமா இருக்கும். கனமான, திறன் கூடின காருக்கு அதே உணர்வு வர 120 போகணும்.

கியர்பாக்ஸ்: உங்க வழியில பாதி நெரிசல்னா டிரை கிளட்ச் வகை டூயல் கிளட்ச் (ரெண்டு கிளட்ச் வச்சுத் தானே கியர் மாத்துற ஆட்டோ) வேண்டாம். ஊர்ந்து போகும்போது கிளட்ச் முழுசா ஒட்டாம வழுக்கிக்கிட்டே இருக்கும். சூட்டை எடுத்துட்டுப் போக எண்ணெய் இல்லை. தேய்மானம், நடுக்கம், 'சூடாயிடுச்சு'ன்னு எச்சரிக்கை, எல்லாம் அதனாலதான். வெட் கிளட்ச் வகை எண்ணெயில முங்கி இருக்கும், தாங்கும். ஆனா எண்ணெயும் ஃபில்டரும் கால அட்டவணைப்படி மாத்தணும். டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோ நெரிசலுக்கு அருமை: மெதுவா நகரும்போது விசையைக் கடத்துறது திரவம், உரசித் தேய ஒண்ணுமில்லை. சிவிடி (படிப்படியான கியருக்குப் பதிலா பெல்ட்ல ஓடுற ஆட்டோ) சொகுசுக்கு நல்லது, ஆனா அழுத்தி மிதிச்சா இன்ஜின் முதல்ல கத்தும், வேகம் பின்னால வரும். வளைவுச் சாலையில உங்களுக்கு அது எரிச்சலா இருக்கலாம். டொயோட்டா ஹைப்ரிட்ல இருக்கிறதையும் சிவிடின்னு சொல்றாங்க, உள்ளே பெல்ட்டே கிடையாது. கோள் கியரும் ரெண்டு மோட்டாரும்தான். நெரிசல்ல அது ராஜா.

மேனுவல்தான் பிடிக்கும்னா, கிளட்ச் பெடல் எவ்வளவு கனம், எந்த இடத்துல பிடிக்குதுன்னு பாருங்க. இடுப்பு வலியோட கனமான கிளட்சை நெரிசல்ல மிதிக்கிறதுக்குப் பதிலா நல்ல ஆட்டோவே மேல்.

அகலத்_திற

இடுப்பும் குழந்தை சீட்டும்தான் இந்தக் கேள்வியின் உயிர்நாடி என்பது என் கருத்து. கார் எவ்வளவு நன்றாகத் திரும்பினாலும் இறங்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் பயனில்லை.

எஸ்யூவி நல்லது என்பதில் பாதி உண்மை. ஏறி இறங்க உதவுவது உயரமான கார் இல்லை, சரியான உயரத்தில் உள்ள சீட். தரையிலிருந்து சீட் சுமார் 55 முதல் 65 செ.மீ. இருந்தால் குனியாமல், ஏறாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துவைக்கலாம். இந்த உயரம் சில ஹேட்ச்பேக்குகளிலேயே கிடைக்கும். வீட்டிலிருந்து ஒரு அளவு நாடா எடுத்துப் போங்கள். உயரமான காரில் எடை மையமும் மேலே போகும். வளைவில் சாயாமலிருக்க ஆன்ட்டி ரோல் பாரை விறைப்பாகப் போடுவார்கள். அது இடது, வலது சக்கரங்களை முறுக்கிப் பிணைப்பதால், ஒரு பக்கக் குழியில் இறங்கினாலும் கார் முழுவதும் பக்கவாட்டில் ஆடும், தலை அங்குமிங்கும் அடிபடும். இடுப்புக்கு மேல்கீழ் அசைவைவிட இந்தப் பக்கவாட்டு ஆட்டம் மோசம்.

சீட்டைச் சோதிக்கும் முறை: பிரேக்கை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். தோள் சாய்மானத்தை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங் மேல்விளிம்பில் படிய வேண்டும். இதற்கு ஸ்டியரிங் மேலும் கீழும் மட்டுமல்ல, முன்னும் பின்னும் நகர வேண்டும். பல நடு வேரியன்ட்டுகளில் இது விடுபட்டிருக்கும், கட்டாயம் பாருங்கள். சீட் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும்; அதற்கு மேல் இருந்தால் தொடைக்குத் தாங்கல் இல்லை, எடை முழுவதும் இடுப்பில் இறங்கும். சீட்டின் முன்பக்கத்தைத் தனியாக உயர்த்த முடிந்தால் மிக நல்லது. பெடல்கள் சீட்டின் நடுவுக்கு நேராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் இடுப்பு சற்றே முறுகியபடி மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். கடையில் பத்து நிமிடத்தில் இது தெரியாது. ஆகவே குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், பின்பாக்கெட்டில் பர்ஸ் இல்லாமல்.

குழந்தை சீட்டைக் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். பின்பக்கம் பார்த்த சீட் நீளவாக்கில் நிறைய இடம் பிடிக்கும். அதை மாட்டிய பின் அதன் முன்னால் உள்ள சீட்டில் பெரியவர் ஒருவர் முழங்கால் இடிக்காமல் உட்கார முடிகிறதா? குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் மெத்தைக்குள் புதைந்துகிடந்தால் தினமும் விரல் தோல் உரியும். பின்கதவு எத்தனை அகலமாகத் திறக்கிறது என்பது டிக்கியின் லிட்டர் கணக்கைவிட முக்கியம். டிக்கியில் பார்க்க வேண்டியது விளிம்பின் உயரம். தள்ளுவண்டியை அதற்கு மேல் தூக்கித்தான் உள்ளே இறக்க வேண்டும், இடுப்பு வலியோடு. எஸ்டேட் (டிக்கிப் பக்கம் நீண்ட கார்) கிடைத்தால் இந்த விஷயத்தில் அதற்கு ஈடில்லை; ஓட்டுவது ஹேட்ச்பேக் போலவே இருக்கும்.

காலைப்பயணி

அனைவருக்கும் நன்றி. ஸ்போர்ட் ஆசையை விட்டுவிட்டேன். பழைய காராக இருந்தால், சொகுசு கெட்டிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மின்சாரக் கார் இந்தத் தேவைக்கு ஒத்துவருமா?

ஷாக்_புஷ்

பழைய காரில் முதல் வேலை டயர் காற்றை அளப்பது. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிட 5, 6 பி.எஸ்.ஐ. கூடுதலாக அடித்து வைத்திருந்தால் நல்ல சஸ்பென்ஷனும் கட்டைவண்டியாகத் தெரியும். டயரின் வயது பார்க்க, பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம்: 2322 என்றால் 2022-இன் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயர் கெட்டியாகிவிடும். அதை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்தே விலை பேசுங்கள்.

மூலையை அமுக்கி ஆட்டிப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். அடியோடு செத்துப்போன ஷாக்கைத்தான் அது காட்டும். பாதி தேய்ந்ததைச் சாலைதான் சொல்லும். கண்ணாடிகளை ஏற்றி, பாட்டை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். உடைந்த சாலையில் 20 கி.மீ. வேகத்தில் 'கட கட' என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் (ஆன்ட்டி ரோல் பாரை இணைக்கும் கம்பி), மலிவான பாகம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஸ்பிரிங் சுருண்டு விடுபடும் சத்தம் வந்தால் ஷாக்கின் மேல் மவுண்ட். பிரேக் பிடிக்கும்போது ஒரு 'டொக்', முன்பக்கம் லேசாக ஒதுங்குவது, இது லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையின் ரப்பர்) கிழிந்ததன் அடையாளம். வேகத்தோடு கூடும் 'ஊஊ' சத்தம் இடது பக்கம் திரும்பும்போது அதிகமானால் சுமை ஏறும் வலது பக்கச் சக்கர பேரிங்கைச் சந்தேகியுங்கள். டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும், தடவிப் பாருங்கள், வாள்பல் மாதிரி இருந்தால் அது டயர். பிரேக்கை மிதித்தபடி 'டி'யில் நிற்கும்போது மட்டும் சீட் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்ட்.

இவற்றில் பலவும் தேயும் பாகங்கள். நல்ல காரில் நான்கு ஷாக், மேல் மவுண்ட், முன் புஷ்கள் மாற்றி, அலைன்மென்ட் செய்தால் சொகுசு பெருமளவு திரும்ப வந்துவிடும். ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ரப்பர் புஷ் போல்ட்டை, கார் சக்கரத்தில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் முறுக்க வேண்டும். தொங்கவிட்டபடி முறுக்கினால் ரப்பர் நிரந்தரமாகத் திருகியபடி இருந்து சில மாதத்தில் கிழியும். மின்னணுக் கட்டுப்பாட்டு ஷாக் உள்ள பழைய கார் என்றால், ஒரு ஷாக்கின் விலையை முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு ஆசைப்படுங்கள்.

மூன்றாம்_கியர்

மின்சாரக் கார்: நெரிசலுக்கு அதைவிடச் சுகமான ஒண்ணு கிடையாது. அதிர்வு இல்லை, கியர் மாற்றம் இல்லை, மிதிச்ச நொடி நகரும். பேட்டரி தரைக்கடியில இருக்கிறதால எடை மையமும் தாழ்வு. ஆனா அந்த பேட்டரி மட்டும் 300-லிருந்து 500 கிலோ வரை வரும். அதைத் தாங்க ஸ்பிரிங் விறைப்பா போடுவாங்க, பெரிய ரிம்மும் கூடவே வரும். மெதுவான வேகத்துல குலுக்கல் கூடுதலா தெரியுறது அதனால. சின்ன பேட்டரி, சின்ன ரிம் உள்ள வேரியன்ட்டைத் தேடுங்க. சார்ஜ் இணைப்பு வண்டி நிற்கிற இடத்துலயே இருந்தா மட்டும் யோசிங்க.

டெஸ்ட் டிரைவ்ல கடைக்காரர் காட்டுற வழுவழு சாலையை விட்டுட்டு நீங்க தினமும் போற வழியையே கேளுங்க. ஊர்ந்து போங்க, லேசான ஏற்றத்துல நிறுத்தி எடுங்க, ரிவர்ஸ்ல மெதுவா ஏத்துங்க. கியர்பாக்ஸ் நடுக்கம் அங்கேதான் வெளிப்படும். நேர்சாலையில 90-ல ஸ்டியரிங்கைச் சும்மா லேசாப் பிடிச்சுப் பாருங்க, அடிக்கடி திருத்த வேண்டியிருந்தா நீண்ட ஓட்டத்துல தோள் வலிக்கும். வளைவுல கை கொடுத்த அளவுக்குத்தான் கார் திரும்பணும், முதல்ல ஒண்ணுமில்லாம அப்புறம் வெடுக்குனு திரும்பக்கூடாது. பிரேக்கும் அப்படித்தான்: தொட்டதும் கவ்வுற பிரேக்கோட நெரிசல்ல ஓட்டினா பின்னால பிள்ளைங்க வாந்தி எடுப்பாங்க.

அகலத்_திற

ஒன்று சேர்க்கிறேன். டெஸ்ட் டிரைவில் வீட்டிலுள்ள இன்னொருவர் ஓட்ட, நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று வாருங்கள். பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்பவருக்குத்தான் பின் சஸ்பென்ஷனின் குணமும் டயர் இரைச்சலும் முழுதாகத் தெரியும். பிள்ளைகள் உட்காரப்போகும் இடம் அதுதான்.