மறுமொழி: ‘வாக்கர்’ குடும்பப்பெயரும் கம்பளித் தொழிலுக்கான கலைச்சொல்லும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயருக்கு நம் அகராதியில் ‘நடப்பவர்’ என்று பொருள் எழுதலாம் என முந்தைய மடலில் வந்த முன்மொழிவை நான் ஏற்கவில்லை. அந்தப் பெயர் நடையால் வந்ததன்று, தொழிலால் வந்தது.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியில் ஆட்டின் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும்; இழைகளுக்கிடையே இடைவெளியும் இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரை ஊற்றிக் காலால் மிதிப்பார்கள். சிறுநீரில் உள்ள அம்மோனியா பசையை எடுத்துவிடும். மிதிபட மிதிபட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும். பசை எடுக்க ஒருவகைக் களிமண்ணையும் பயன்படுத்தினார்கள். நம் கடைகளில் முகப்பூச்சுக்கு விற்கும் முல்தானி மிட்டி அந்த இனத்து மண்தான்.

இந்த வேலையைச் செய்தவர் வட இங்கிலாந்தில் வாக்கர்; தென்மேற்கே டெவன், சாமர்செட் பக்கம் டக்கர்; தென்கிழக்கில் ஃபுல்லர். வட்டாரத்துக்கு ஒரு சொல்லாக வழங்கியதால் ஒரே தொழில் மூன்று குடும்பப்பெயர்களாக நிலைத்துவிட்டது. ஃபுல்லர் லத்தீன் வேர் கொண்டது. வாக்கர் பழைய ஆங்கிலத்தில் உருட்டுவது, புரட்டுவது என்ற பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது.

இனி, இந்தத் தொழிலுக்கான தமிழ்ச் சொல். ‘துவைப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். துவைத்தலுக்கு மிதித்தல், இடித்தல் என்ற பொருள்களும் தமிழில் உண்டு என்பதால் எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் இன்று படிப்பவர் மனத்தில் அழுக்குத் துணிதான் வந்து நிற்கும். ‘மிதிப்பு’ என்றால் வேறொரு சிக்கல்: 12ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் நீராற்றலால் இயங்கும் மரச் சம்மட்டிகள் கால்களின் வேலையை எடுத்துக்கொள்ளத் தொடங்கின. சம்மட்டி மிதிக்காது.

ஆகவே செய்முறையை விட்டு விளைவைப் பிடிப்போம். காலால் செய்தாலும் சம்மட்டியால் செய்தாலும் துணி இறுகுகிறது. தொழிலுக்குக் கம்பளி இறுக்கல், செய்பவருக்குக் கம்பளி இறுக்குநர், அது நடக்கும் ஆலைக்கு இறுக்காலை என்பவை என் முன்மொழிவு. வாக்கர், டக்கர், ஃபுல்லர் ஆகிய மூன்று குடும்பப்பெயர்களுக்கும் ‘கம்பளி இறுக்குநர்’ என்றே பொருள் தந்து, வட்டாரத்தை அடுத்த வரியில் குறிக்கலாம்.

இத்தகைய பெயர்களின் வகைக்குத் ‘தொழிற்பெயர்’ வேண்டாம். இலக்கணத்தில் அது நடத்தல், வருதல் போன்றவற்றுக்கு உரியது. ‘தொழில்வழிக் குடும்பப்பெயர்’ சற்று நீளம், ஆனால் குழப்பமில்லை.

‘இறுக்குநர்’ காதுக்குக் கரடாக இருந்தால் மாற்று சொல்லுங்கள். ‘நடப்பவர்’ மட்டும் அகராதிக்குள் போக வேண்டாம்.