காற்றை எதிர்த்துத் திரும்பும் வாட்டர் ராக்கெட்: எதை மாற்றுவது?

வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துப் பிள்ளைகள் செய்த, காற்றழுத்தத்தால் தண்ணீரைப் பீய்ச்சிப் பறக்கும் வாட்டர் ராக்கெட் நேராகத்தான் கிளம்புகிறது. ஆளுயரம் தாண்டியதும் காற்று வரும் திசைக்குத் தலையைத் திருப்பி, மேலே போகாமல் படுத்தவாக்கில் பறந்து வேலிக்கு அப்பால் விழுகிறது.

இடம் ஆரல்வாய்மொழி பக்கம், காற்றாலை ஊர். மார்ச்சில் இதே ராக்கெட் செங்குத்தாகப் போனது. ஜூனில் காற்று பிடித்ததிலிருந்துதான் இந்தத் தொல்லை. காற்று நிற்கும்வரை காத்திருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், விழா ஆடியில்.

2 லிட்டர் குளிர்பான பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பில் 60 பி.எஸ்.ஐ. அழுத்தம். அரை இஞ்ச் பிவிசி ஏவுகுழாய் பாட்டிலுக்குள் 20 செ.மீ. நுழைகிறது. கீழே இருக்கும் வாய்ப்பக்கம் மூன்று பெரிய துடுப்புகள்.

தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று, மாற்றமில்லை. மூக்கில் களிமண் வைத்தோம். திரும்புவது இன்னும் மோசமானது. காலி ராக்கெட்டை ஈர்ப்பு மையத்தில் (எடை சமமாக நிற்கும் புள்ளியில்) நூல் கட்டிச் சுழற்றினால் மூக்கு முன்னோக்கியே வருகிறது. அப்படியானால் அழுத்த மையம் (காற்று தள்ளும் விசை ஒன்றுசேரும் புள்ளி) ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது, நிலைத்தன்மைக்குக் குறைவில்லை. ஒருவேளை அது அளவுக்கு மீறிப் போய்விட்டதோ என்பதுதான் என் சந்தேகம். காற்றாடிச் சேவல் மாதிரி, பெரிய வால் இருந்தால் மூக்கு காற்றைப் பார்க்கத்தானே செய்யும்? ஆனால் கிளம்பும் வேகம் போதாவிட்டாலும் இப்படி ஆகும் என்கிறார் சக ஆசிரியர்.

இந்தக் காற்றில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: முதலில் துடுப்பின் பரப்பைக் குறைப்பதா, வெளியே வழிகாட்டிக் கம்பிகள் நட்டு ராக்கெட் வேகமெடுக்கும்வரை பிடித்துக்கொடுப்பதா?