வாசிகசாலைத் திருத்தம்: இடிக்கவும் வேண்டாம், சீமெந்து பூசவும் வேண்டாம்

வெளிநாடுகளில் வாழும் அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்ச் சந்தியிலுள்ள வாசிகசாலையை இடித்துவிட்டுக் குளிரூட்டிய இரண்டு மாடி மண்டபம் கட்டலாம் என்று இலண்டனிலிருந்து வந்த மடலையும், அதற்குப் பாரிஸ் தம்பி எழுதிய மறுமொழியையும் வாசித்தேன். நான் இடிக்கக்கூடாது என்ற கட்சி. பழசின் மேலுள்ள பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். குளிரூட்டிய மண்டபத்துக்கு மாதாமாதம் வரும் மின்கட்டணத்தை யார் கட்டுவது? திறப்பு விழாவுக்குப் பறந்து வருகிற நாமா, அங்கே நாளாந்தம் கதவைத் திறந்து மூடுகிற சனசமூக நிலையத்தாரா?

யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஒரு வீட்டு வாசிகசாலையாகத்தான் தொடங்கியது, 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் வைத்தது. 1959இல் திறந்த கட்டடத்தை 1981இல் எரித்தார்கள். எரிந்த சுவர்களை நினைவுச்சின்னமாக அப்படியே விடுவதா, திருத்துவதா என்று அப்போதும் வாதாடினார்கள். கடைசியில் பழைய உருவத்திலேயே எழுப்பினார்கள். இன்று அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.

இனி நம் சுவருக்கு வருவோம். சென்ற வாரம் அனுப்பிய படங்களில் பின்சுவரைக் கவனித்தீர்களா? முழங்கால் உயரத்துக்குப் பூச்சு வீங்கி, வெள்ளையாக உவர் பூத்திருக்கிறது. தட்டினால் பொள்ளென்று சத்தம் வருமாம். யாரோ நல்ல மனத்தோடு சீமெந்து பூசியதன் பலன் அது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நிற்க, உப்பு பூச்சின் பின்னால் படிகமாகிக் கல்லை அரிக்கிறது. சீமெந்தைக் கவனமாகக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசவேண்டும். நீற்றிய சுண்ணாம்பு சில வாரமாவது ஊறவேண்டும், பூசிய பின்பும் மெல்ல மெல்லத்தான் இறுகும். ஆகவே, “திருவிழாவுக்கு வரும்போது திறந்துவிடலாம்” என்று நாள் குறிக்கிறவர்கள் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூரை. ஐப்பசி மழைக்கு முன்பு உடைந்த ஓடுகளை மாற்றி, ஓடுகளைத் தாங்கும் பனஞ்சிலாகைகளில் உக்கியவற்றைக் கழற்றி வேறு போட்டால் போதும். வைரமான பனை எத்தனையோ தலைமுறைக்கு நிற்கும், எல்லாவற்றையும் இரும்புக்கு மாற்றத் தேவையில்லை. சுவர் வேலையைத் தை பிறந்த பிறகு பார்க்கலாம்.

உள்ளே என்ன வரவேண்டும் என்பதை நாம் இங்கிருந்து தீர்மானிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காலையில் உதயன் பத்திரிகை பார்க்க வருகிற ஐயாமாருக்கு முன்விறாந்தையும் அந்தச் சாய்வு மேசையும் வேண்டும். மாதர் சங்கத்தார் பின்னறையைக் கேட்கிறார்களாம், மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்க இடம் வேண்டுமாம். அவர்களே கூடிப் பேசி எழுதி அனுப்பட்டும். நாம் காசுக் கணக்கைப் பார்ப்போம். பெயர்க்கல் பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சுவரில் அவ்வளவு இடமில்லை என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

காணி உறுதியின் பிரதி யாரிடமாவது இருந்தால் உடனே அனுப்புங்கள். அது இல்லாமல் பிரதேச சபையில் ஓர் அடியும் நகராது. முன்வாசல் தெரிகிற பழைய கலியாணப் படம், விளையாட்டுப்போட்டிப் படம் எதுவானாலும் தேடிப் பாருங்கள். தூண்களின் தலைப்பு வேலைப்பாடு இப்போது பாதி உதிர்ந்துவிட்டது. மேசனுக்குக் காட்ட நம்மிடம் ஒரு படமும் இல்லை.

அன்புடன்,
ரொறன்ரோக் கிளைக்காக