‘குளோவோர்ம்’ வேண்டுமென்றே மோதியதா?

அலைவாய்:
1940 ஏப்ரல் 8 அன்று நார்வேக்கு அப்பால் மூழ்கிய ‘குளோவோர்ம்’ என்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல், ‘அட்மிரல் ஹிப்பர்’ என்ற ஜெர்மன் குரூசரின் (நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல்) மீது மோதியதாகப் படித்தேன். கேப்டன் ஜெரார்டு ரூப் திட்டமிட்டே மோதினாரா, அல்லது சுக்கான் கட்டுப்பாட்டை இழந்ததால் நேர்ந்ததா? அது துணையின்றி அங்கே அகப்பட்டது எப்படி?

பழங்கலம்:
‘ரினவுன்’ என்ற பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குக் காவலாகச் சென்றபோது, மாலுமி ஒருவர் கடலில் விழுந்துவிட்டார். அவரைத் தேடப் பின்தங்கிய குளோவோர்ம், கொந்தளிப்பில் மறுபடி அணியோடு சேர முடியவில்லை. 8ஆம் தேதி காலையில் துருப்புகளை ஏற்றிவந்த ஜெர்மன் நாசகாரிகளோடு சண்டை மூண்டது. அவை உதவி கேட்கவே, நார்வேயின் துறைமுக நகரான டிரோன்ட்ஹைமைக் கைப்பற்றப் போய்க்கொண்டிருந்த ஹிப்பர் வந்து சேர்ந்தது. 1,350 டன் கப்பலின் நான்கு 4.7 அங்குலப் பீரங்கிகளுக்கு எதிரே, அதைப்போல் பத்து மடங்கு எடையுள்ள கப்பலின் எட்டு 8 அங்குலப் பீரங்கிகள். மின்மினி என்று பொருள்படும் பெயர் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

கடற்கணக்கர்:
முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. குளோவோர்ம் புகைத்திரை விரித்து, முதலில் ஐந்தும் பின்னர் மிச்சமிருந்த ஐந்துமாக டார்பிடோக்களை ஏவியும் ஒன்றுகூட இலக்கைத் தொடவில்லை. அதற்குள் பீரங்கி ஒன்று செயலிழந்து, வேகமும் குறைந்து, மின்கம்பிகள் சேதமுற்றதால் அதன் சங்கு நிற்காமல் அலறிக்கொண்டே இருந்தது. ஹிப்பரின் கேப்டன் ஹெல்முத் ஹையேயும் எதிரியை இடித்துவிடவே கப்பலைத் திருப்பினார். அவ்வளவு பெரிய கப்பல் சுக்கானுக்கு உடனே இணங்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் நோக்கித் திரும்பிய நேரத்தில், குளோவோர்மின் முகப்பு ஹிப்பரின் வலப்புறத்தில் இடித்து, ஏறக்குறைய 40 மீட்டர் நீளத்துக்குத் தகடுகளைக் கிழித்துச் சென்றது. ரூப்புக்கு விக்டோரியா சிலுவை (பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது) வழங்கிய அறிவிப்பு, குளோவோர்ம் நெருங்கிச் சென்று மோதியதாகவே சொல்கிறது. கடைசி நிமிடத்தில் சுக்கான் ரூப்பின் வசத்தில் இருந்ததா என்பதில்தான் ஐயம். அணுகித் தாக்கும் முடிவு அவருடையதே என்பதில் எனக்கு ஐயமில்லை. விலகிய பிறகும் குளோவோர்ம் 400 கஜத் தொலைவிலிருந்து சுட்டிருக்கிறது.

பழங்கலம்:
அதன்பின் நடந்ததும் சொல்லத்தக்கது. குளோவோர்ம் கவிழ்ந்து மூழ்கிய இடத்தில் ஹையே கப்பலை நிறுத்தி, நாற்பது பேர் அளவில் மீட்டார். 109 பேர் மாண்டனர். நீரில் தத்தளித்தவர்களுக்கு உதவிக்கொண்டிருந்த ரூப், ஹிப்பரிலிருந்து தொங்கவிட்ட கயிற்றைப் பற்றி ஏறும்போது கை சோர்ந்து விழுந்து மூழ்கினார். அவரது வீரத்தைப் பாராட்டி ஹையே செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் பிரிட்டனுக்குக் கடிதம் அனுப்பினார். ரூப்புக்கு விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது 1945 ஜூலையில்தான்.