துன்பத்துக்கு உட்படாத கடவுள் சிலுவையில் துன்புற்றாரா? விளக்கம் வேண்டுகிறேன்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கின் வாசிப்பு வட்டத்தில் தவக்காலத்தில் பேசுவதற்காக, கடவுள் துன்பத்துக்கு உட்படாதவர் என்ற பழைய கிறிஸ்தவக் கோட்பாட்டைப் படித்து வருகிறேன். இறையியலோ மெய்யியலோ பயின்றவர்களின் உதவி தேவைப்படுகிறது.

கடவுளிடம் இனிமேல் நிறைவேற வேண்டியது எதுவும் எஞ்சியில்லை என்பதால் அவர் மாறுவதில்லை என்றும், அவருடைய அன்பு உணர்ச்சிக் கொந்தளிப்பு அன்று, நன்மையை விரும்பும் சித்தத்தின் செயல் என்றும் 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வாதிட்டார். தர்க்கம் உறுதியானதுதான். ஆனால் விவிலியத்தின் ஓசேயா நூல் 11ஆம் அதிகாரத்தில், எப்பிராயீம் எனப்படும் இஸ்ரயேல் மக்களைக் கைவிட மனம் வராமல் இறைவனின் உள்ளம் கலங்குவதை வாசிக்கும்போது, அது வெறும் உருவகம் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

கிறிஸ்து இறை இயல்பு, மனித இயல்பு என்ற இரு இயல்புகள் கொண்ட ஒரே ஆள் என்று 451இல் திருச்சபை ஆயர்கள் கூடிய கல்செதோன் சங்கம் அறிக்கையிட்டது. ஆகவே அவர் மனித இயல்பில் மட்டுமே துன்புற்றார் என்பது வழக்கமான விடை. என் சிக்கல் இங்கேதான். துன்புறுவது இயல்பா, ஆளா? ஆள்தான் என்றால், அந்த ஆள் இறைமகனே அல்லவா?

சிலுவையில் மகன் சாவையும், தந்தை மகனை இழக்கும் துயரத்தையும் அனுபவிக்கிறார்கள் என்று 1972இல் ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் எழுதியது என்னை ஆழமாகத் தொட்டது. ஆயினும் நம்மைப் போலவே துயரத்தில் சிக்கியவர் நம்மை எப்படி மீட்பார் என்ற மறுப்பையும் தள்ளிவிட இயலவில்லை.

அக்குவினாஸின் தரப்பிலிருந்து என் கேள்விக்கு நேரடியாக விடை சொல்லக்கூடியவர்கள் விளக்குங்கள். இதைப் பற்றித் தமிழில் வந்த நல்ல நூல் இருந்தால் அதையும் தெரிவியுங்கள்.